முப்பதும் முப்பத்தொண்ணும்

— உள்ள வாடா லயனல், செருப்ப அங்கயே விடு. இன்னைக்குக் காலையில குரூப்புல நீ போட்ட லிஸ்ட்ட திரும்ப ஒரு தடவ படிச்சுப் பாத்தியா இல்லயா?

— பாத்துட்டுதான் அனுப்புனேன், அக்கா.

— கிழிச்ச. கடைசி வரியில தப்பு பண்ணி வச்சிருக்க. இரு, கண்ணாடி எங்க... ஆங். படிக்கிறேன் கேளு. "இந்த நாளில், ஆகஸ்ட் முப்பத்தொண்ணு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, மலாயா மெர்டேக்கா, நம் சுதந்திர நாள். அறுபத்திரண்டு, டிரினிடாட் டொபாகோவுக்குச் சுதந்திரம். தொண்ணூற்றேழு, இளவரசி டயானா பாரிஸில் கார் விபத்தில் மறைந்தார்."

— சரியாத்தானே இருக்கு.

— பொறு. "இன்று பிறந்தவர்கள். ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் கியர். கிரிக்கெட் வீரர் ஸ்ரீநாத். இசையமைப்பாளர் யுவன் சங்கர் ராஜா." அதுக்கு அடுத்து வருஷா வருஷம் என்ன போடுவ? "உங்கள் அன்பு லயனல்"னு போட்டு ஒரு கேக் படம் ஒட்டுவ. இந்த வருஷம் "ஹில்டா மேரி"னு போட்டுருக்க. ஃபாதர்கூட எனக்கு வாழ்த்து அனுப்பிட்டாரு. நான் என்னனு பதில் போடுறது?

— தேங்க்யூனு போடு.

— வெளையாடுறியா? நேத்துதானே என் பொறந்த நாளுக்கு நீயே கேக் வாங்கியாந்த. பாதி இன்னும் ஐஸ்பெட்டியில கெடக்கு. முப்பது எனக்கு, முப்பத்தொண்ணு உனக்கு. ரெட்டைப் புள்ளைங்கதான், ஆனா நடுவுல பாதி ராத்திரி வந்து பிரிச்சு விட்டுருச்சுனு நீதானே ஊரெல்லாம் சொல்லுவ. அறுபத்தெட்டு வயசுல மூள கலங்கிருச்சா?

— டிவி சத்தத்தக் கொஞ்சம் கொறைக்கிறியா?

— மெர்டேக்கா அணிவகுப்புலா, வருஷத்துக்கு ஒரு தடவ. சரி, இந்தா, அணைச்சே போட்டேன். ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? பிரஷர் மருந்து சாப்ட்டியா?

— சாப்ட்டேன். அக்கா... ஹில்டா. அது தப்பு இல்ல. தெரிஞ்சுதான் போட்டேன்.

— என்னது புதுசா, பேரச் சொல்லிக் கூப்புடுற?

— இந்தப் பேப்பரப் பாரு. பத்து காஜா டவுன் கோயில்ல போன வாரம் கேட்டு வாங்குனேன். நம்ம ரெண்டு பேரோட ஞானஸ்நானப் பதிவு. பழைய பெரிய புஸ்தகம், ஓரமெல்லாம் பூச்சி அரிச்சிருந்துச்சு. நல்லவேளை நம்ம பக்கம் முழுசா இருந்துச்சு.

— எழுத்து பொடிசா இருக்கு. நீயே படி.

— "லயனல். பிறப்பு, ஆகஸ்ட் முப்பது, ஐம்பத்தேழு, இரவு பதினொன்றே முக்கால். ஹில்டா மேரி. பிறப்பு, ஆகஸ்ட் முப்பத்தொன்று, பன்னிரண்டு மணி பத்து நிமிஷம்."

— மாத்தி எழுதிட்டாங்க.

— இல்ல. அவங்க சரியாத்தான் எழுதியிருக்காங்க. மாத்துனது நம்ம அண்ணன்.

— ஸ்டானிஸ்லாஸ் அண்ணனா? மண்ணு போட்டு ஒரு மாசம் ஆவல, அவரப் பத்தி என்னடா பேசுற?

— அவரே சொன்னதுதான். ஆஸ்பத்திரியில, கடைசி வாரம். நீ கஞ்சி வாங்கக் கீழ போயிருந்த. அப்ப என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொன்னாரு.

— என்னனு?

— அறுபத்தொம்பதுல நமக்குப் பன்னெண்டு வயசு. அடையாள அட்டை, ஐசி எடுக்கணும். தோட்டத்துல பொறந்ததுங்க, அப்பா நம்மளப் பதிஞ்சு வைக்கவே இல்ல. அம்மா நம்ம ரெண்டு வயசுலயே போயிட்டாங்க, அதுக்குள்ள அப்பாவும் போயாச்சு. எல்லாம் அண்ணன் தலையில. அவருக்கு என்ன, இருபத்தொரு வயசு.

— அதெல்லாம் எனக்குத் தெரியாதா? மேல சொல்லு.

— அந்த வருஷம் தோட்டம் எப்படி இருந்துச்சுனு ஞாபகம் இருக்கா? குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசிக்காரங்க வேலை செய்ய பெர்மிட் வேணும்னு சட்டம் வந்துச்சு. பெர்மிட் கெடைக்காதவங்க சட்டி பானைய கட்டிக்கிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறப் போனாங்க. நம்ம லயத்து வரிசையில மட்டும் ஏழு வீடு காலி. அண்ணனுக்கும் சிவப்புதான். தன் பேரும் எப்ப வரும்னு பயந்து கெடந்தாரு. அப்பத்தான் யூனியன்காரர் ஒருத்தர் அவர்கிட்ட சொல்லியிருக்காரு. அப்பா அம்மா இந்தியாவுல பொறந்தவங்க, ஒண்ணும் பதியல, அப்ப மெர்டேக்காவுக்கு முந்திப் பொறந்த புள்ளைக்குச் சிவப்புதான். மெர்டேக்கா நாள்ல பொறந்தா தன்னால குடியுரிமை வந்துரும், நீல ஐசினு.

— இருபத்தஞ்சு நிமிஷம்.

— ஆமா. நமக்குள்ள அவ்வளவுதான் வித்தியாசம்.

— அப்ப ரெண்டு பேருக்கும் முப்பத்தொண்ணுனு போட்டிருந்தா என்னவாம்? யாரு குடி முழுகிப் போயிருக்கும்?

— முடியல. தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிதான் பொறந்த தேதிக்குக் கடுதாசி எழுதித் தரணும். ஒண்ணு பாதி ராத்திரிக்கு முந்தி, ஒண்ணு பிந்தினு தோட்டம் பூரா தெரியும், கிராணிக்கும் தெரியும். எது முந்தினுதான் யாருக்கும் ஞாபகம் இல்ல. கிராணி அண்ணனத்தான் கேட்டாரு. அண்ணன் கோயில் பேப்பரச் சட்டப் பையில வச்சுக்கிட்டே, பொண்ணு முந்தினு சொல்லிட்டாரு.

— பையில வச்சுக்கிட்டே.

— வீட்டுக்கு வந்து அடுப்புல போட்டுட்டாராம். அதுவரைக்கும் யாரு மூத்தது யாரு எளயதுனு நமக்குள்ள கணக்கு இருந்துச்சா? ஐசி வந்த அன்னைக்குத்தான் "இனிமே அவள அக்கானு கூப்புடு"ன்னாரு.

— ஏன்டா? ஏன் என்னை?

— "ஆம்பளப் புள்ள, நாளைக்கு வேலைக்குப் போவணும். பொண்ணு யாரையாச்சும் கட்டிக்கிட்டா அவன் பேருல எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன்"னாரு.

— யாரையாச்சும்! சிம்பாங் பூலாய்ல இருந்து ஒரு எடம் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நல்ல மனுஷன், லாரி ஓட்டுனாரு. எனக்கும் புடிச்சிருந்துச்சு. அவங்க அம்மா ஐசியக் கேட்டாங்க. சிவப்பப் பாத்ததும் குடுத்த காப்பியக்கூடத் தொடாம எந்திரிச்சிட்டாங்க. அதுக்குப் பொறவு லகாட்ல ஒரு எடம். அதுவும் அப்படித்தான். அண்ணன் அப்பல்லாம் வாசல்லதான்டா நின்னுக்கிட்டு இருந்தாரு. ஒரு வார்த்த பேசலயே.

— பேச முடியல போல.

— நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டேன். குடியுரிமை இல்லனு திருப்பிட்டாங்க. அப்புறம் கான்ட்ராக்ட் ஆளா ஆஸ்பத்திரியில தரை தொடைக்கப் போனேன். இருபத்தாறு வருஷம். வார்டுல நோயாளி யாராச்சும் தெரியாம, நர்ஸுனு நெனச்சு, "மிஸ்ஸி"னு என்னைக் கூப்புடுவாங்க. திரும்பிப் பாக்க மாட்டேன்.

— ஹில்டா...

— குடியுரிமைக்கு மூணு தடவ மனு போட்டேன். மூணாவது தடவ எனக்கு அறுபது வயசு. தேசிய கீதம், நெகாராகூ பாடச் சொன்னாங்க. எந்திரிச்சு நின்னு பாடுனேன்டா, முட்டி வலியோட. கடுதாசி வரும், வீட்டுக்குப் போங்கனாங்க. தேர்தல் அன்னைக்கு நீ வெரல்ல மையோட வருவ. நான் உனக்குச் சோறு ஆக்கி வச்சிருப்பேன். அங்க கோலாலம்பூர்ல பழைய கொடிய எறக்கிப் புதுசு ஏத்துன அதே நேரத்துல பொறந்தவ நானு. இந்த நாட்டுக்கும் எனக்கும் ஒரே வயசு. நாட்டுக்காரி இல்லனு சொல்லிக்கிட்டே கெழவியாக்கிட்டாங்க.

— தண்ணி குடி. இந்தா.

— வேணாம், வை.

— உனக்கு இதச் சரி பண்ணணும்னுதான் வந்தேன். இன்னொரு பேப்பர் இருக்கு. சூராட் சும்பா. சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்குற கடுதாசி. ஈப்போவுல சத்தியம் வாங்குற ஆணையர் முன்னால முந்தாநாளு கையெழுத்துப் போட்டேன். இதையும் கோயில் பேப்பரையும் வச்சு மனு போடலாம்னு வக்கீல் சொல்றாரு. லீவு முடிஞ்சு ஆபீஸ் தொறந்ததும் போலாம்.

— போனா? என் தேதிய மாத்துனா உன் தேதியும் மாறும்லா. அப்ப உன் நீல ஐசி?

— விசாரிப்பாங்க.

— பென்சன்? முப்பத்து மூணு வருஷம் அரசாங்க வேலை பாத்துருக்க.

— தெரியல ஹில்டா. வக்கீலுக்கே தெரியல. எது வந்தாலும் வரட்டும். கார்மென்கிட்ட சொல்லிட்டேன். "அப்பா, மொதல்ல அத்தைக்குச் செய்யுங்க"னு சொல்லிட்டா.

— கார்மென் சொன்னாளா?

— அழுதுக்கிட்டே சொன்னா.

— உன் மவளாச்சே... எனக்கு என்ன சொல்றதுனே தெரியலடா. அண்ணன நெனச்சாப் பத்திக்கிட்டு வருது. ஆனா அந்த வயசுல, அந்தப் பயத்துல, ரெண்டு புள்ளைங்கள்ள ஒண்ணையாச்சும் கரையேத்தணும்னு நெனச்சிருக்காரு. அவரும்தான் கடைசி வரைக்கும் ஒழுங்கா எந்தக் கல்யாணம் காட்சிக்கும் போகல, சிரிக்கல. எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்கிட்டுச் செத்தாரு. அவரு சட்டைய ஒருத்தருக்கும் குடுக்காம இன்னும் தொவச்சு மடிச்சு வச்சிருக்கேன் பாரு, முட்டாளு.

— நீ முட்டாள் இல்ல.

— நீ என்ன பண்ணுவ, பாவம். உனக்கும் அப்ப பன்னெண்டு வயசுதானே. அவரு உங்கிட்ட சொல்லி ஒரு மாசம் ஆவல, அதுக்குள்ள கோயிலு, வக்கீலு, ஆணையருனு அலஞ்சு, உன் பென்சனக்கூடப் பாக்காம வந்து நிக்கிற. வேற எவனா இருந்தா அண்ணனோட சேத்து இதையும் குழியில போட்டு மூடியிருப்பான்.

— அப்படிச் சொல்லாத.

— ஏன் சொல்லக் கூடாது? உள்ளதத்தானே சொல்றேன். நீ நல்லவன்டா. அழாத, ஆம்பள அழுதா என்னால பாக்க முடியாது. குடு அத. நான் எங்க கையெழுத்துப் போடணும்?

— நீ போட வேணாம். படி. நீ படிக்கணும்.

— உன் வாயாலதான் எல்லாம் கேட்டுட்டேனே.

— இல்ல. படி ஹில்டா. ரெண்டாவது பக்கம்.

— மலாய்ல இருக்கு... சரி, மனுவுக்குப் படிச்ச மலாய் இதுக்காச்சும் ஒதவட்டும். "மேற்கண்ட தேதி மாற்றத்தை எங்கள் மூத்த சகோதரர் ஸ்டானிஸ்லாஸ் என்னிடம் நேரில் தெரிவித்தார்." சரி. "அவர் இதைத் தெரிவித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் ஆண்டு..." லயனல்?

— ம்.

— ஆஸ்பத்திரியிலனு சொன்ன.

— எனக்கு வேலை உத்தரவு வந்த அன்னைக்குச் சொன்னாரு. "இந்த வேலையில பாதி ஹில்டாவோடது, அத மறந்துறாத"ன்னாரு. ஆஸ்பத்திரியில அவரு கேட்டது ஒண்ணுதான். "அவகிட்ட சொல்லிட்டியா"னு கேட்டாரு. அங்க ஆணையர் முன்னால கைய ஒசத்திக்கிட்டு நின்னப்ப பொய் வரல. உங்கிட்ட வாயால சொல்லிரலாம்னு வழி பூரா நெனச்சுக்கிட்டே வந்தேன். கதவத் தொறந்து "உள்ள வாடா"ன்ன. அதோட போச்சு.

— எழுவத்தேழு.

— என்னைத் திட்டு. அடி. எதாச்சும் சொல்லு.

— நான் நர்ஸுக்கு எழுதிப் போட்டது எழுவத்தெட்டு, லயனல். என் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும்னு அந்த ஃபாரத்த நீதான் எழுதிக் குடுத்த. பிறந்த தேதினு கேட்டிருந்த கட்டத்துல முப்பதுனு எழுதுனது உன் கைதான்.