ஆந்தை மார்க்கின் நல்ல பெயர்

மழை விடட்டும் என்று கடையிலேயே இருந்துவிட்டேன், இன்ஸ்பெக்டர் ஐயா, அதனால்தான் தாமதம். இல்லாவிட்டால் காலையிலேயே வந்திருப்பேன்.

என் பெயர் பகவதிப்பெருமாள் பிள்ளை. சாலைக் கடைத்தெருவில் சீமை மருந்து விற்கிறேன். ஆந்தை மார்க் காய்ச்சல் மருந்துக்கு இந்த ஊரில் நான்தான் ஏஜெண்டு. ஆந்தைப் படத்தை யார் வீட்டுக்குள் வைப்பார்கள் என்று ஆரம்பத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஆறு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்த்தாலே பாதிக் காய்ச்சல் விட்டுவிடும் என்று ஜனங்களே சொன்னார்கள்.

அப்போதுதான் போலி வந்தது. அதே புட்டி, அதே ஆந்தை. உள்ளே நிலவேம்புக் கஷாயமும் சர்க்கரைப் பாகும். பெட்டி பெட்டியாகக் கப்பலில் வந்து ஆலப்புழையில் இறங்கியது. என் கடைக்கு எதிரிலேயே அழகியநம்பி அதைப் பாதி விலைக்கு விற்றார்.

நான் கேட்டது ஒன்றுதான். எங்கள் மார்க்கைச் சுங்க ஆபீஸ் தன் புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். அந்தப் படத்தோடு வேறு யார் சரக்கு இறங்கினாலும் துறைமுகத்திலேயே தடுக்க வேண்டும். நான்கு வருஷம் மனு எழுதினேன். லேபிள் மாதிரி வேண்டும் என்றார்கள், கொடுத்தேன். கம்பெனிக் கடிதம் அசலாக வேண்டும் என்றார்கள், சீமையிலிருந்து வரவழைத்தேன். அது வந்து சேர்ந்தபோது, முன்பு கொடுத்த லேபிளைக் காணவில்லை என்றார்கள்.

அங்கே ஹெட் கிளார்க் சேஷன், கரமனைக்காரர், நல்ல மனுஷர். கடைசித் தடவை அவர் ஃபைலைத் திறக்கவே இல்லை.

"ஓய் பிள்ளை, அந்தப் போலியைக் குடிச்சு யாராவது செத்தாளா?"

"இல்ல சாமி."

"பின்னே என்ன? ஒத்தன் செத்தா ஃபைல் தானா நகரும். கஷாயம் குடிச்சு யாரும் சாகறதில்லை. போயிட்டு வாரும்."

அவர் கேலி செய்யவில்லை. ஆபீஸ் நடைமுறையைச் சொன்னார். வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே நடந்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை என்று பட்டது.

பேட்டையில் ஒரு கடையில் அதே போலியில் ஆறு புட்டி வாங்கினேன். எலிப் பாஷாணம் கலந்தேன். வயிற்றுவலி வரும் அளவுக்குப் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் வயிற்றுவலிக்கு ஃபைல் நகராது. அதனால் இன்னும் கூடுதலாகக் கலந்து, பழையபடி மூடி, நம்பி உள்ளறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவர் அலமாரியின் முன்வரிசையில் வைத்துவிட்டு வந்தேன். என் சரக்கில் ஒரு புட்டியைக்கூட இதற்காகத் தொடவில்லை.

மறுநாள் ஓமனா என் கடைக்கு வந்தாள். பள்ளிக்கூடத்தில் வேலைக்கு ஆர்டர் வந்திருந்த பெண். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. விலையைக் கேட்டுவிட்டு, "எதிர்க்கடையில பாதி விலையல்லே அண்ணாச்சி? ஆந்தை ஒண்ணுதானே?" என்றாள்.

அது போலி, வாங்காதே என்று நான்கு வருஷமாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் கேட்டதில்லை. அன்று சொல்லவில்லை. அவள் தெருவைக் கடந்து போய் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளும் ஒரு ஜட்கா வண்டிக்காரரும் போய்விட்டார்கள். மிச்சம் நான்கு புட்டியோடு நம்பியையும் நீங்கள்தான் கொண்டுபோனீர்கள். பன்னிரண்டாம் நாள் எங்கள் மார்க் பதிவாயிற்று. சேஷனே கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்காமல் ஃபைலைக் கட்டி உள்ளே எடுத்துப்போனார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பத்திரிகையில், 'ஆந்தை மார்க் மருந்து குடித்து இருவர் மரணம்' என்று போட்டுவிட்டார்கள். போலி என்ற சொல்லே இல்லை. ஜனங்கள் என் புட்டிகளைச் சாக்கடையில் கொட்டுகிறார்கள். பத்திரிகை ஆபீசுக்குப் போய் மன்றாடினேன். "அது போலின்னு நிங்களுக்கு எங்ஙனே தெரியும்?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். எனக்குத் தெரியும், விஷம் கலந்தவன் நான். அழகியநம்பியைக் கொலைக்காக வைத்திருக்க வேண்டாம், லேபிளுக்காக வைத்துக்கொள்ளுங்கள். எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள், ஐயா. ஆந்தை மார்க் மருந்தால் இன்றுவரை ஓர் உயிருக்கும் கெடுதல் வந்ததில்லை.