வானதி பெயரில் அறுபத்திரண்டு கிராம்

மோட்டார் வாங்க வரும் விவசாயி மூன்று கடை ஏறி இறங்காமல் மடியிலிருந்து பணத்தை எடுக்க மாட்டான். உள்ளே சுற்றியிருப்பது செம்புக் கம்பியா அலுமினியமா, வாரண்டி எத்தனை வருஷம், பழுதானால் ஆள் வயலுக்கே வருவானா என்று உயிரை வாங்கிவிடுவான். ஒரத்தநாட்டில் பதினோரு வருஷம் பம்புசெட் கடை நடத்தியவன் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அதே ஆளிடம் தங்கம் என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கேள்வி வராது.

செல்போனில் 'பொன்னி காயின்' என்று ஒன்றைத் தொடங்கினேன். ஒரு காயினுக்கு ஒரு கிராம் தங்கம் துபாய்ப் பெட்டகத்தில் இருக்கிறது, மாதம் ஐந்து சதவீதம் தானாக வளரும் என்றேன். தங்கம் எங்கேயாவது குட்டி போடுமா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெட்டகமும் இல்லை, தங்கமும் இல்லை. திரையில் எண் ஏறிக்கொண்டே இருக்கும்படி செய்து கொடுக்கச் சென்னையில் ஒருவர் நாற்பதாயிரம் வாங்கினார். என் முதலீடு அதோடு சரி.

என் கடைக்கு எதிர்க் கட்டடத்தின் மாடியில் ஷீபாவும் அவர் கணவர் எல்வினும் இருந்தார்கள். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர்கள். அவர்களும் செல்போன் வழியாகத்தான் தங்கம் விற்றார்கள், ஆனால் அசல் தங்கம். கட்டிய பணத்தில் வரியும் கமிஷனும் போக மிச்சத்துக்கு உங்கள் பெயரில் கிராம் ஏறும். கேட்ட அன்றைக்கே நாணயமாகக் கையில் கொடுப்பார்கள். "வெல ஏறும், எறங்கவும் எறங்கும். யோசிச்சுப் போடுங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார் ஷீபா. கடை திறந்து உட்கார்ந்துகொண்டு பேசுகிற பேச்சா அது? அங்கிருந்து படியிறங்கிய கூட்டம் நேராக என்னிடம் வந்தது.

நகைக்கடன் விஷயத்தைத் தயவுசெய்து என் தலையில் கட்டாதீர்கள். அது ரெங்கசாமியின் மூளை. மூன்று ஏக்கர் நிலம், ஜெயபாரதி என்று ஒரே மகள், அவளுக்காகச் சேர்த்த பதினைந்து பவுன். ஒருநாள் கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, நகைய சொசைட்டில அடகு வச்சு, அந்தப் பணத்த உங்க காயின்ல போட்டுடறேன். எலெக்சன் வந்தா எப்படியும் நகைக்கடன தள்ளுபடி பண்ணிடுவாங்க. நகையும் வந்துரும், காயினும் வளந்திருக்கும். எப்படி?"

"நல்ல யோசனைங்க" என்றேன்.

நல்ல யோசனைதான். அரசாங்கத்தை ஏமாற்றக் கிளம்பியவர் அவர், வழியில் நான் நின்றேன். அவரைப் பார்த்து இன்னும் நாற்பது பேர் அப்படியே செய்தார்கள். அந்த வருஷம் எங்கள் தெருவில் பெண்கள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. அடகு வைத்தவர்கள்மேல் எனக்குப் பரிதாபம் வரவில்லை, அருவருப்புதான் வந்தது.

தேர்தல் வருவதற்குள் ஜெயபாரதிக்கு மாப்பிள்ளை வந்துவிட்டார். தையில் முகூர்த்தம். நகையை மீட்க ரெங்கசாமி பணம் கேட்டார். கொடுத்திருக்கலாம், அந்த வாரம் கையில் இருந்தது. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர்களும் வரிசையில் நிற்பார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று மூன்று வாரம் ஓட்டினேன். முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், அந்த நாற்பது பேரோடு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, எம்பொண்ணு கல்யாணம் நிக்கப் போவுதுங்க. தங்கம் எங்க இருக்கு? அத மட்டும் சொல்லுங்க."

எதிர்மாடியைக் காட்டினேன். "ஷீபாம்மாகிட்டதாங்க இருக்கு. எல்லாத்தையும் வாங்கி வச்சிக்கிட்டு தர மாட்டேங்கறாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். கணக்கைக் காட்டச் சொல்லியிருந்தால் ஷீபா காட்டியிருப்பார். மோட்டாருக்கு அத்தனை கேள்வி கேட்கிறவர்கள் இதற்கு ஒன்று கேட்டிருக்கலாம். எல்வின் மேல்படியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாராம். ரெங்கசாமி பிடித்துத் தள்ளினார். பதினெட்டுப் படி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் எல்வின் இறந்தார். ரெங்கசாமி திருச்சி ஜெயிலில் இருக்கிறார். கல்யாணம் நின்றுவிட்டது.

என்மேல் நீங்கள் எழுதியிருப்பது பண மோசடி மட்டும். அதனால் மிச்சத்தையும் நானே சொல்கிறேன். வாசலில் நின்றவர்களின் தங்கம் ஷீபாவிடம் ஒரு குண்டுமணிகூட இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்தக் கூட்டம் சும்மா திரும்பாது என்பதும் தெரியும். பின்வாசல் வழியாகப் போய்ப் பட்டுக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க எனக்கு அரைமணி நேரம் வேண்டியிருந்தது. அதற்காகத்தான் கையைக் காட்டினேன். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

ஒரே ஒரு திருத்தம். பறிமுதல் பட்டியலில் என் மகள் வானதி பெயரில் அறுபத்திரண்டு கிராம் என்று இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். அது இரண்டு வருஷமாக மாதாமாதம் ஷீபாவிடம் வாங்கியது, ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு. எல்வினை அடக்கம் செய்த மறுவாரம்கூட ஷீபாவிடமிருந்து செய்தி வந்தது. 'வானதி கணக்கில் 62 கிராம் உள்ளது. யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?'

அவரிடம் ஒரு மில்லிகிராம் குறையாது. மூன்று இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் அவரிடம் போட்டேன். பெற்ற பிள்ளைக்குச் சேர்ப்பதை யாராவது கண்ட இடத்தில் போடுவார்களா? அது நேர்மையான தங்கம், சார். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமே இல்லை.