செவுள் இல்லாத வஞ்சிரம்

அந்தச் சிவப்புப் போலீஸ் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள் சார். இந்த வெயிலில் அதைப் போடச் சொன்னவன் நிச்சயம் நிழலில் இருந்தவன்தான்.

நான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் சிந்துஜாவின் ஆய்வுக்கூடத்துக்கு வாட்ச்மேன். அந்தப் பெண் கடலுக்குப் போகாமலே வஞ்சிரம் வளர்த்தாள். மீனின் தசையிலிருந்து கொஞ்சம் செல், அது பற்றி ஏற வலை மாதிரி ஒரு சட்டம், குடிக்கச் சத்துநீர், இதமான சூடு. "அவ்ளோதான் தாத்தா. செல்லு, தான் இன்னும் மீனுக்குள்ளதான் இருக்கோம்னு நெனச்சிக்கினு வளந்துடும்" என்பாள்.

பெரிய மார்க்கெட் மீன்காரப் பெண்கள் சாப்பிட்டுப் பார்த்து, மீன்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பணம் போட்டவர்கள் கூடத்தை மூடிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து அவள் வெளியூர் போனாள். நான் வளர்ப்புப் பெட்டியைத் திறந்து தூசு தட்டினேன். சுத்தம் எனக்குப் பிறவிக் குணம். வஞ்சிரம் பூசணம் பூத்துச் செத்தது.

அவள் உழைப்பு வீணாகலாமா? குளிர்பெட்டியில் வேறொரு ஜீவனின் தசைச் செல்கள் உறைந்து கிடந்தன. நன்றாக உழைத்த உடம்பு. அதைச் சட்டத்தில் ஊற்றினேன். மீனுக்கு வைத்த சூடு அதற்குப் போதவில்லை, கூட்டி வைத்தேன். தளதளவென்று ஏறிவிட்டது.

ஊரிலிருந்து திரும்பிய சிந்துஜா குனிந்து பார்த்தாள். "கலர் சிவப்பா இருக்கே தாத்தா?"

"நாலு பேரு பாக்கப்போறாங்கல்ல, வெக்கப்படுதும்மா."

மீன்காரி அஞ்சலாட்சி கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். "செவுளு இல்ல, கண்ணு இல்ல. இத்த எப்பிடிம்மா மீனுன்னு சொல்றது? கொழம்பு வையி. ராத்திரி ஊறட்டும். காலைல சொல்றேன்."

சிந்துஜாவின் முகம் வெளுத்துவிட்டது. எனக்குக் கவலையில்லை, ஊறிய குழம்பு எதையும் மீனாக்கிவிடும்.

காலையில் அஞ்சலாட்சி விரலைச் சப்பினாள். "வஞ்சிரந்தான். கொஞ்சம் வயசான வஞ்சிரம். ருசி மட்டும் போவல."

அனுமதிக்காக மிச்சத் துண்டைச் சோதனைக்கு அனுப்பியதுதான் வினையாகிவிட்டது. அதன் மரபணு எந்த மீனோடும் பொருந்தவில்லை. என்னோடு பொருந்தியது. ஆமாம் சார், என் இடுப்பு அறுவை சிகிச்சையில் எடுத்த தசை. ஆராய்ச்சிக்கென்று நானே கூடத்துக்குக் கொடுத்ததுதான், என் மரபணு அங்கே பதிவிலேயே இருக்கிறது. அதைத்தான் அத்தனை பேரும் சாப்பிட்டார்கள்.

சிந்துஜாவுக்கு எதுவும் தெரியாது, கூடத்தைத் திறந்துவிடுங்கள். எல்லாம் அவளுக்காகச் செய்ததுதான். எனக்கென்று ஒரு ஆசையும் கிடையாது.

எழுதிக்கொண்டீர்களா? அப்படியே, அஞ்சலாட்சி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.