நாலு மணிக்குக் கிடைத்த சீட்டு

முப்பத்தொரு வருஷ ஞாபகத்துக்கு விலை ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய், சார். மாசச் சம்பளம். மேலே கேட்டுப் பார்த்தேன், படியவில்லை. கருவாட்டு வியாபாரி வீட்டில் பிறந்தவன் நான். படியாத பேரத்தை மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன். டீ ஆறுகிறது, குடியுங்கள்.

மீனவர் சங்கத்தில் பதிவறை என் பொறுப்பு. எங்கள் குப்பத்திலிருந்து கடலுக்குப் போகும் படகெல்லாம் எங்களிடம் ஒரு சீட்டு எழுதிப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். படகு எண், எத்தனை பேர், எந்தத் திசை, எவ்வளவு தூரம். மடித்துத்தான் பெட்டியில் போடுவார்கள். எங்கே மீன் விழுகிறது என்பதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் சாயங்காலத்துக்குள் பக்கத்து வலைக்காரன் காதுக்குப் போய்விடும். ஆக, படகு போன இடம் கடலுக்குத் தெரியும், என் அறைக்குத் தெரியும்.

நான் பத்தாவது ஃபெயில். போன வருஷம் சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள்: பதிவறை வேலைக்கு இனி டிகிரி வேண்டும். எங்கள் குப்பத்து ஸ்டீபன் மகள் கிறிஸ்டினா, பொன்னேரியில் பி.காம். முடித்தவள், மூன்று மாசம் தற்காலிகமாக வந்தாள். மூன்று மாசம் முடிந்ததும் சங்கத் தலைவர் இளங்கோவன் நேரில் பார்த்து, அவளா நானா என்று சொல்லிவிடுவதாக ஏற்பாடு.

அந்தப் பெண் சொதப்பியிருந்தால் நான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கவே மாட்டேன். நன்றாகச் செய்தாள். நான் படகுக்காரனின் அப்பன் பேரை வைத்துச் சீட்டைத் தேடுகிறவன். அவள் எண் வரிசையில் அடுக்கி, கேட்டதைக் கேட்டவுடன் நீட்டினாள். "இன்னாணே, இதுக்குப் போயி முப்பது வருஷமா?" என்று ஒரு தடவை சிரித்தாள். நானும் சிரித்தேன்.

தலைவர் வருவதாகச் சொன்னது ஒரு புதன்கிழமை, நாலு மணிக்கு. அன்று காலை பத்துக்குத் திரும்ப வேண்டிய தனசேகரின் படகு திரும்பவில்லை. பன்னிரண்டுக்கு அவன் பெண்டாட்டி மஞ்சு வாசலில் வந்து நின்றாள். தேடப் போகிற ஆட்கள் திசை கேட்டார்கள். கிறிஸ்டினா பெட்டியைத் திறந்தாள். எல்லாச் சீட்டும் இருந்தது, தனசேகருடையது மட்டும் இல்லை.

"காத்தால நானே நம்பர் பாத்து வச்சேன்ணே. சத்தியமா வச்சேன்."

"இன்னாம்மா, படிச்ச பொண்ணு. நல்லாத் தேடு," என்றேன்.

தேடும் படகுகள் குத்துமதிப்பாகத் தெற்கே போயின.

என் நைனா கருவாடு விற்கும்போது, வாங்குகிற ஆள் எதிரே வந்து நிற்கும்வரை நல்ல கூடையைத் திறக்க மாட்டார். நானும் திறக்கவில்லை. வாங்குகிற ஆள் நாலு மணிக்குத்தான் வந்தார்.

இளங்கோவன் பார்க்க உள்ளே போனேன், இரண்டே நிமிஷத்தில் சீட்டோடு வந்தேன். வடக்கே, ஒன்பது கிலோமீட்டர். பழைய மரணப் பதிவுக் காகிதக் கட்டுக்குள் சொருகியிருந்தது என்றேன். "அனுபவம்னா இதான்யா," என்று தோளைத் தட்டினார். டிகிரித் தீர்மானம் அன்றைக்கே வாபஸ்.

தனசேகரோடு போன ஜோயலும் ரங்கனும் வடக்கே தேடிப் போன படகில் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். ஜோயல் மஞ்சுவிடம் சொன்னான்: "படகு கவுந்தப்புறம் அண்ணன் மூணு மணி வரிக்கும் கேனைப் புடிச்சினு மெதந்துனுதான்க்கா இருந்தாரு." மூணா, மூணரையா என்று நான் கேட்டுக்கொண்டேன். பதிவில் நேரம் சரியாக இருக்க வேண்டும், இல்லையா?

கிறிஸ்டினா வேலையை விட்டுவிட்டாள். வீட்டை விட்டும் வெளியே வருவதில்லையாம். உங்கள் விசாரணைக் காகிதத்திலும், சீட்டைத் தவறான கட்டில் வைத்தது அவள்தான் என்று இருக்கிறது. அந்தப் பிழையைத் திருத்தத்தான் வந்தேன். சீட்டு எந்தக் கட்டிலும் இல்லை. காலை ஏழு மணியிலிருந்து என் சட்டைப் பையில் இருந்தது. ஏதாவது ஒரு சீட்டு காணாமல் போனால் போதும் என்றுதான் எடுத்தேன். கைக்கு வந்தது தனசேகருடையது. பன்னிரண்டு மணிக்கே கொடுத்திருக்கலாமே என்பீர்கள். கொடுத்திருந்தால் தலைவர் பார்த்திருக்க மாட்டார்.

அந்த நாளின் பதிவேட்டில் தனசேகர் படகின் வரியை என் கையாலேயே எழுதி முடித்தேன், பாருங்கள். புறப்பட்டவர் மூன்று. திரும்பியவர் இரண்டு. நிலுவை ஒன்று. ஒரு அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. இதற்குப் போய் பி.காம். எதற்கு, சார்?