கெட்டித் தேத்தண்ணி

பலாங்கொடையிலிருந்து தோட்டத்துக்கு ஏறும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் மொஸ்கோவில் படித்துவிட்டு வந்த ஒரு பெண்ணும், அவளைக் கூட்டிப்போக வந்த தாய்மாமனும். மாமா தேயிலை ஃபெக்டரிக்காரர் என்பது சட்டை வாசத்திலேயே தெரிந்தது. அவள் மடியில் ஒரு பெரிய பிஸ்கட் டின்; மாமா அதைத் திறந்து பார்த்தார். எனக்குக் காது கொஞ்சம் நீளம்.

“டின்னு நிறையத் துண்டுக் கடதாசியா? பிஸ்கட் எங்க புள்ள?”

“இது ஆராய்ச்சிங்க மாமா. ரஷ்யக் கதை, பேப்பர் எல்லாம் படிச்சு, எந்தச் சொல்லோட எந்தச் சொல்லு சேர்ந்து வருதுன்னு எழுதி எழுதி எண்ணினேன்.”

“அத எண்ணவா அம்புட்டுத் தூரம் போன?”

“ரஷ்யக்காரங்க தேத்தண்ணின்னு எழுதினா, அதுக்கு முன்னால ‘கெட்டி’ங்கிற மாதிரி ஒரு சொல்லு அடிக்கடி வருதுங்க.”

மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“வராதா பின்ன? அங்க போறது நம்ம தூளு!”

“தூக்கத்துக்கும் அதே சொல்லுதாங்க. கெட்டித் தூக்கம்.”

“கெட்டித் தேத்தண்ணி குடிச்சவனுக்குத் தூக்கம் எங்கேருந்து வரும்? நீ சரியாத்தான் எண்ணினியா?”

“திருப்பித் திருப்பி எண்ணினேங்க.”

பஸ் இரண்டு வளைவு ஏறும்வரை மாமா டின்னுக்குள் துண்டுகளைப் புரட்டிப் பார்த்தார்.

“சரி, நம்ம லயத்து வீடுகள்ல தேத்தண்ணிக்கு முன்னால என்ன சொல்லு வருது?”

“அத எண்ணலிங்களே மாமா.”

“எண்ணவே வேணாம். கடையில சீனிய கண்டு மூணு கெழம ஆச்சு. ‘வெறும்’ தேத்தண்ணிதான். ஒரு துண்டுல எழுதி டின்னுல போடு.”

அவள் சிரிக்கவில்லை. பேனாவைத் தேடினாள்.