பசை பூசாத மூட்டு

மார்ச் 14, வியாழன்.

இன்று அக்காவின் புதுக் கம்பிக்காக ஒரு பிவிசி குழாயைக் குட்டையாக வெட்டிவிட்டேன். மூட்டுக்குள் போகும் நீளத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்; மறந்துபோனேன். மாலை வகுப்பில் பிளம்பிங் வாத்தியார் முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம் இது. இன்னும் தப்பு செய்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

வீட்டில் நாங்கள் இருவர்தான். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. தீயணைப்புத் துறையில் சேர வேண்டும் என்று அவளுக்கு ஒரே வெறி. ஜிம்முக்குப் போக வசதியில்லை. தண்டால் எடுக்கக் கட்டைகள், நிலைவாசலில் தொங்கக் கம்பி, மணல் அடைத்த பை, எல்லாம் நான்தான் செய்துகொடுத்தேன். ஒன்றும் அவளைக் கைவிட்டதில்லை. கடைசியாக, போன வருஷம், கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கி இறக்க இடுப்புயர இரட்டைக் கம்பி கேட்டாள்.

"ஏய் எலி, நீ போட்ட பைப்புல தண்ணியே ஒழுங்கா நிக்காது. நான் எப்படிடி நிக்கிறது?"

"தண்ணிக்கு உன் வெயிட்டு இல்லக்கா."

தலையில் குட்டினாள். சிரித்தபடியே அடுத்ததையும் சொன்னாள்.

"செலக்ட் ஆயிட்டா ட்ரெய்னிங் வெளியூர்ல. வீட்டைக் காலி பண்ணிடலாம். நீ ஹாஸ்டல்ல இரு. லீவு கெடச்சா வந்து பாக்குறேன்."

சரி என்றேன். நியாயமான ஏற்பாடுதான். 'லீவு கிடைத்தால்' என்பதை மட்டும் அவள் சரியாக யோசிக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

"பேஸ்ட் போடாம சொருகி வெச்சாலும் நிக்கும்மா. எடை ஒரு பக்கமா இழுக்கும்போதுதான் கழண்டுக்கும்" என்பார் வாத்தியார். இடப்பக்கக் கம்பியின் ஒரு மூட்டில் நான் உள்ளே பசை பூசவில்லை. மறந்துவிட்டேன் என்று பிறகு அக்காவிடம் அழுதேன். மறந்தவள் அந்த மூட்டின் விளிம்பைச் சுற்றி வெளியே மட்டும் பசையைத் தடவி வைத்திருக்க மாட்டாள். இதை எழுதிவிடுவதுதான் முறை.

மணிக்கட்டு சுளுக்கினால் போதும், தேர்வு தவறிவிடும் என்று நினைத்தேன். அவள் பக்கவாட்டில் சரிந்து, சிமென்ட் தொட்டியின் விளிம்பில் இடுப்பு மோத விழுந்தாள். தொட்டியை நான் அங்கே வைக்கவில்லை. அது எப்போதும் அங்கேதான் இருக்கிறது. தள்ளி வைக்கலாமா என்று காலையில் ஒருமுறை யோசித்தேன், கனமாக இருந்தது.

இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பிறகு நான்தான் அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன், உடம்பு துடைத்துவிடுகிறேன். ஹாஸ்டல் பேச்சு எழவில்லை. வகுப்பு முடிந்து கதவைத் திறந்தால், "வந்துட்டியாடி?" என்கிறாள். முன்பெல்லாம் நான்தான் அவளுக்காகக் காத்திருப்பேன்.

நேற்று மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு கூடிவிட்டதாம். இருபக்கமும் பிடித்துக்கொண்டு நடந்து பழகினால், அடுத்த தேர்வில் ஓடவே ஓடலாமாம். அக்கா வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

"புடிச்சு நடக்குற கம்பிய நீயே செஞ்சு குடுடி."

"கடையிலயே வாங்கிடலாங்க்கா. போன தடவை என்னாலதான்..."

"அட விடு. மறக்காதவ எவ இருக்கா? வேற யார் செஞ்சாலும் நம்பிக் கை வைக்க மாட்டேன்."

நான் கேட்டு வாங்கிய வேலையில்லை இது. அவள் நடக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. கட்டிலிலிருந்து கதவு வரை நடந்தால் போதும். அதற்கு மேல் என்ன தேவை இருக்கிறது அவளுக்கு? நான்தான் இருக்கிறேனே.

நாளைய வேலை: குட்டையாகிவிட்ட குழாயைப் புதிதாக வெட்ட வேண்டும். எல்லா மூட்டுக்கும் உள்ளே பசை பூச வேண்டும். கதவோர மூட்டுக்கு வெளியே மட்டும்.