ஒன்றுகூடச் சரியில்லை

— புண்ணு எப்படியிருக்குடா?

— ஓரம் காஞ்சிருக்கு, நடுவுலதான் இன்னும் ஈரம். உங்களுக்கு எரியலையாப்பா?

— இடுப்புக்குக் கீழ எது எரியுது, எது குளிருதுன்னு நீ பாத்துச் சொன்னாத்தானே எனக்குத் தெரியும். ஆங், கேளு. முந்தாநாள் டியூஷன் மாஸ்டர் வந்திருந்தார்.

— இங்கயா? ரெண்டு நாளா சொல்லவேயில்லையே.

— நீ பள்ளிக்கூடம் போயிருந்த. கதவு சும்மாதானே சாத்தியிருக்கும். நேரா உள்ள வந்து அந்த நாற்காலியில உக்காந்தார்.

— என்னவாம்?

— மாதிரிப் பரீட்சையில உனக்குக் கணக்குல ஒண்ணுகூட சரியில்லையாம்.

— ஆமா. கஷ்டமா கேட்டுட்டாங்க. பதினொண்ணாம் கிளாஸ் கணக்குன்னா சும்மாவா?

— நானும் அதத்தான் சொன்னேன். என்னைப் புரட்டிப் போட்டுக் கழுவி விடவே புள்ளைக்கு நேரம் சரியாப் போகுது, எங்க படிக்கும்னு. மனுஷன் கேட்டுக்கிட்டே இருந்தார். அப்பறம் சொன்னார். மொத்தம் அம்பது கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் நாலு விடை கொடுத்திருப்பாங்களாம். ஒண்ணுமே தெரியாத புள்ள கண்ண மூடிக்கிட்டு வட்டத்தக் கறுப்பாக்கினாக்கூட பத்துப் பன்னெண்டு தானா சரியா விழுமாம். அம்பதும் தப்பா வரணும்னா...

— தண்ணி வேணுமாப்பா?

— அம்பதும் தப்பா வரணும்னா, அம்பதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணுமாம்.

— கால் நகம் வளந்திருக்கு. வெட்டி விடறேன், இருங்க.

— நகத்த விடு. என் முகத்தப் பாரு, குருவிக்குட்டி.

— என்ன சொல்லச் சொல்றீங்க?

— அந்தப் பெரிய பயிற்சி மையத்துக்கு இந்த ஊர்லேர்ந்து ஒரே ஒரு புள்ளையத்தான் அனுப்புவாங்க. அடுத்த வருஷம் பூரா அங்கயே தங்கி நுழைவுத் தேர்வுக்குப் படிக்கலாம். இந்தப் பரீட்சையில மார்க் வந்தாத்தான் பேரு போகும். அது தெரிஞ்சுதானே செஞ்ச?

— சரி விடுங்க. தெரிஞ்சுதான் செஞ்சேன். போதுமா?

— ஏம்மா?

— ஏன்னா கேக்கறீங்க? நான் போயிட்டா உங்கள யாரு பாத்துக்குவா? அண்ணனா?

— அவன இதுல இழுக்காத.

— அவனும் படிக்கத்தான் போனான். முடிச்ச கையோட வந்துடறேன்னான். கட்டட வேலையில நீங்க சாரத்துலேர்ந்து விழுந்தப்ப ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் பக்கத்துல போனப் பாத்துக்கிட்டே நின்னுட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டான். அப்பறம் கொஞ்ச நாள் போன்ல பேசினான். இப்ப அதுவும் இல்ல. நல்லாப் படிச்சா நானும் அப்படி ஆயிடுவேனோன்னு பயமா இருக்குப்பா.

— நீ ஆக மாட்ட.

— அவனப் பத்தியும் அப்படித்தான் சொன்னீங்க. அம்மாகிட்ட, என் காதுபட.

— உங்கம்மா மட்டும் இருந்திருந்தா...

— இல்லையே.

— சரி, இல்ல. அலமாரிக் கண்ணாடி வழியா சமையக்கட்டு எனக்கு இங்கேர்ந்தே தெரியும், உனக்குத் தெரியுமா? பால அடுப்புல வச்சுட்டு புஸ்தகத்தோட நிப்ப. உதடு மட்டும் அசையும். பால் பொங்கி அடுப்பே அணைஞ்சிருக்கும், உனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த நேரத்துல உன் முகம் நல்லா இருக்கும்டா. என்னைத் தொடைக்கறப்ப இருக்கற முகம் இல்ல அது.

— முகத்துல என்னப்பா இருக்கு? நான் எல்லாம் யோசிச்சு வச்சுட்டேன். இங்கயே ஏதாவது காலேஜ்ல சேந்துக்கறேன். காலைல உங்களக் குளிப்பாட்டிட்டுப் போவேன். மத்தியானம் ஓடி வந்து புரட்டி விட்டுட்டு ஓடிடுவேன்.

— எது வரைக்கும்?

— நீங்க இருக்கற வரைக்கும்.

— அப்ப, நான் எப்ப போவேன்னு ஒரு நாள் உனக்கே தோணும்.

— என்னப்பா பேச்சு இது?

— தப்பா சொல்லல. தோணினா அது உன் குத்தமும் இல்ல. எனக்கே தினம் தோணுது, உனக்குத் தோணாதா? அழாத. மூக்கத் தொடச்சுக்க. ஞாயித்துக்கிழம உனக்கு மட்டும் மறுபடி பரீட்சை வைக்கறேன்னு மாஸ்டர் ஒத்துக்கிட்டார். ஒழுங்கா எழுதணும்.

— எழுத மாட்டேன். எழுதினாலும் பழையபடிதான் போடுவேன். உங்கள இப்படிக் கிடத்திட்டு நான் எங்கயும் போறதா இல்ல.

— நான் இங்க கிடக்கப் போறதில்லடா.

— என்ன சொல்றீங்க?

— ஊர்க்கோடியில ஆதரவில்லாதவங்கள வச்சுப் பாக்கற இல்லம் இருக்குல்ல. மாஸ்டர்கிட்ட சொல்லி அங்கேர்ந்து ஆள வரவச்சேன். இன்னைக்கு ஒரு அம்மா வந்து பாத்துட்டுப் போனாங்க. திங்கக்கிழம வண்டி வரும்.

— வராது. புள்ளைங்க இருக்கறவங்கள அங்க சேக்கவே மாட்டாங்க, எனக்குத் தெரியும்.

— எனக்கும் தெரியும். உங்களுக்கு யாரு இருக்காங்கன்னு அந்தம்மா கேட்டாங்க. யாரும் இல்லன்னு சொன்னேன். கொடியில உன்னோட இன்னொரு யூனிஃபார்ம் காஞ்சுக்கிட்டிருந்துச்சு. அத நிமிந்து பாத்து, இது யாரோடதுன்னாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணோடதுன்னு சொல்லிட்டேன்.